தூங்கியவர்கள் பார்த்த கிளைமாக்ஸ்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், ஆவி, முன்ஜென்மம் இதையெல்லாம் நான் ஒருநாளும் நம்பியதில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் நைட் ஷிப்ட் பார்க்கிறவள் நான். ராத்திரி முழுக்க சாம்பார் வாளியும் கையுமாக நிற்கிறவளுக்குப் பேயைப் பற்றி யோசிக்க ஏது நேரம்? வந்தால் அதன் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்து, போய் வரிசையில் நில் என்றுதான் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், அதோடு சரி. இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவராஜ் என்று பெயர். இங்கே ஒரு இரும்பு மில்லில் வேலை பார்த்தார், அதை மூடிவிட்டார்கள். ஒரு ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை என்று போனார். ஆரம்பத்தில் தினமும் போன் பேசினார். அப்புறம் ஒரு நாள், "வேற எடத்துக்கு மாத்துறாங்க ஸ்டெல்லா, போய்ச் சேந்ததும் பேசுறேன்" என்றார். அதுதான் கடைசி. அந்த ஏஜென்ட்டும் ஆளைக் காணோம். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பார்த்தாயிற்று, இரண்டு கிறிஸ்துமஸும் போய்விட்டது. மனுஷன் உயிரோடு இருக்கிறாரா, திரும்பி வருவாரா, இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். இதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. முதல் வருஷம் அழுதேன். அதற்குப் பிறகு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துப்போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் "சரி" என்பேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடைக்காலத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் பகலில் படுத்தால் அப்பளமாகப் பொரிந்துவிடுவோம், கரண்ட் வேறு போய்ப் போய் வரும். அதனால் எங்கேயாவது நாஷ்டாவை முடித்துக்கொண்டு, ஏசி தியேட்டரில் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்து தூங்குவார்கள். என்ன படம் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். திரையில் பெயர் ஓடும்போதே குறட்டை ஆரம்பித்துவிடும். படம் முடிந்ததும் டிக்கெட் கிழிப்பவர் வந்து மூஞ்சியில் டார்ச் அடித்து எழுப்பிவிடுவார்.

நான் அதுவரை போனதில்லை. என்னோடு கேன்டீனில் வேலை செய்கிற கல்பனாதான் அன்றைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற முனுசாமி அண்ணனும் கூட வந்தார். மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்கள். எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால் படத்தைப் பார்த்தேன்.

பிழைக்க வழியில்லாத ஒருவன் ஊரை விட்டு வெளிநாட்டுக்குப் போகிற கதை. கண்டெய்னருக்குள் ஒளிகிறான், அடி வாங்குகிறான், பட்டினி கிடக்கிறான், கடைசியில் பெரிய ஆளாகிவிடுகிறான். இந்த மாதிரிப் படங்களில் இன்டர்வெல்லுக்கு அப்புறம் எல்லாக் கஷ்டமும் ஒரே பாட்டில் தீர்ந்துபோகும். இதை எழுதியவனை ஒரு மாசம் எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவ விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிக் காட்சியில் அவன் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் நின்று, அம்மாவோடு வீடியோ காலில் பேசிச் சிரிக்கிறான். படம் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், படம் முடிந்தது அந்தக் கண்ணாடி ஜன்னலில்தான்.

வெளியே வந்து டீ குடித்தோம். முனுசாமி அண்ணன் கிளாஸை ஊதிக்கொண்டே சொன்னார்.

"படம் நல்லாத்தான் கீது. ஆனா அந்தப் பொம்பள கடைசி வரிக்கும் கதவத் தொறக்காம குந்தினு இருந்தா பாரு, அதான் மன்சு கேக்கல."

"எந்தப் பொம்பளண்ணா?"

"இன்னாம்மா நீ, முழிச்சுக்கினுதானே இருந்த? அவன் திரும்பி வந்து அந்த சிமெண்ட் ஷீட்டு ஊட்டாண்ட நின்னு கதவத் தட்டுறானே."

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். கல்பனாவைப் பார்த்தால் அவளும் மூக்கை உறிஞ்சுகிறாள். "ஆமாக்கா, பாவம்க்கா அவன். மொகத்தக்கூடக் காட்டல, முதுகுதான். உள்ள கட்டில்ல குந்திக்கினு கதவையே பாக்குறா, எழுந்து வந்து தொறந்தா இன்னாவாம் அவளுக்கு?"

இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். அப்போது பக்கத்து பெஞ்சில் வேறு கம்பெனியின் பச்சை யூனிஃபார்மில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்பின் தெரியாதவர், எங்களுக்கு முந்தின வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிய ஆள். அவர் திரும்பி, "நானும் அதத்தான் யோசிச்சுக்கினு கீறேன். கதவத் தட்டிட்டு, எதுக்கு அவன் நாலடி பின்னாடி போயி நின்னுக்கினான்? கிட்டவே நிக்க வேண்டியதுதானே?" என்றார்.

என் கையில் இருந்த டீ காலில் கொட்டியது. சூடு தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். ஒரே அறை, உள்பக்கமாகத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். அதனால் என் வீட்டுக்காரரே கதவைக் கழற்றி மாற்றி மாட்டினார். விஷயம் தெரியாதவர்கள் கிட்டே நின்று மூக்கில் அடி வாங்குவார்கள். தட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நிற்பவர் அவர் ஒருவர்தான். இவர்கள் யாரும் என் வீட்டுக்கு வந்ததில்லை, கம்பெனி வேன் எங்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுவிடும்.

"அந்த ஊட்டு வாசல்ல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒடஞ்ச வாஷ்பேசின்ல கனகாம்பரம் வெச்சிருந்தாங்கக்கா" என்றாள் கல்பனா.

வைத்தது நான்தான்.

"அப்புறம் இன்னா ஆச்சு? அவன் போய்ட்டானா, நின்னானா?"

"அத்துக்குள்ள டார்ச்சு அடிச்சுட்டான் பேமானி" என்றார் முனுசாமி அண்ணன்.

அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் நான் மட்டும் போனேன், தூங்குவதற்காக. நம்பினால் நம்புங்கள், வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டு நான் எதையும் செய்ததில்லை. கண்ணை மூடினேன், முந்தானையைப் போர்த்திக்கொண்டேன், ஜெபம் சொன்னேன். ராத்திரி முழுக்க நின்ற கால் வலிக்கிறது, உடம்பு கெஞ்சுகிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. சுற்றிலும் எல்லாரும் தூங்குகிறார்கள். அவர்கள் எல்லாரும் இப்போது என் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் அந்தக் கண்ணாடி ஜன்னல்தான். வயிற்றெரிச்சலாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

வெள்ளிக்கிழமை படம் மாற்றிவிடுவார்கள். வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் அவர்கள் இருவரையும் பிடித்தேன்.

"அண்ணா, இன்னிக்கும் அந்தப் படத்துக்கு வாங்க. வந்து கொஞ்சம் தூங்குங்க."

முனுசாமி அண்ணன் சிரித்துவிட்டார். "தூங்கச் சொல்லி எவனாச்சும் கெஞ்சுவானாம்மா? இன்னா பேஜாரு இது?"

"கடைசியில அவ தொறந்தாளா இல்லியான்னு பாத்துச் சொல்லுங்க, அவ்ளோதான்."

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சரி என்று வந்தார். கல்பனாவும் வந்தாள். டிக்கெட் கிழிப்பவரிடம் நானே போய், விளக்குப் போட்டதும் டார்ச் அடிக்காதீங்க, கொஞ்சம் விட்டு எழுப்புங்க என்று சொல்லி வைத்தேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

படம் ஓடியது. தியேட்டரில் எங்களைப் போல ஷிப்ட் முடித்த ஆட்கள் அங்கங்கே கிடந்தார்கள். நான் மட்டும் முழித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களையே பார்த்தேன். கண்ணாடி ஜன்னல் காட்சி வந்தது. திரையில் அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

அப்போது கல்பனாவின் கை அசைந்தது. விரலை மடக்கி, நாற்காலியின் கைப்பிடியில் மெதுவாகத் தட்டினாள். தூக்கத்தில் என்னவோ செய்கிறாள் என்று நினைப்பதற்குள் முனுசாமி அண்ணன் தட்டினார். முன்வரிசையில் ஒருவர் தட்டினார், அந்த ஓரத்தில் இன்னொருவர். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள், திரும்பத் தட்டுகிறார்கள். சத்தம் போட்டுத் தட்டவில்லை. வீட்டில் ஆள் தூங்கிக்கொண்டிருக்கும், திடுக்கிட வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் எப்போதும் தட்டுகிற மாதிரி, அவ்வளவு மெல்லத்தான் தட்டினார்கள்.

எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. எழுந்து நின்றேன். நான் கத்தப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"தொறந்துதான் கீது! உள்ள வாங்க!"

தியேட்டரே எழுந்துவிட்டது. தூங்கியவர்கள் எல்லாம் துள்ளி நிமிர்ந்து முழிக்கிறார்கள். நான் சட்டென்று உட்கார்ந்துகொண்டேன். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கல்பனா கண்ணைத் தேய்த்துக்கொண்டே எரிச்சலோடு சொன்னாள். "அய்யோ, போச்சுக்கா. அவ கட்டில உட்டு எழுந்து வந்துட்டாக்கா. தாப்பாள்ல கைய வெச்சுட்டா. அந்நேரம் பாத்து எந்த மூதேவியோ கத்துச்சு, முழிப்பு வந்துடுச்சு."

முனுசாமி அண்ணனும் அதையேதான் சொன்னார், "கைய வெச்சுட்டாம்மா, தாப்பாள இழுக்க வேண்டியதுதான் பாக்கி" என்று. கத்தியது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுதால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, வரவில்லை.

வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். பிற்பாடு டிவியில் போட்டார்கள், கண்ணாடி ஜன்னலில்தான் முடிந்தது. அவரிடமிருந்து இன்றைக்கு வரை ஒரு தகவலும் இல்லை. பாஸ்டரிடம் சொன்னேன், தூக்கம் கெட்டால் அப்படித்தான் இருக்கும், ஷிப்ட் மாற்றிக்கொள் என்றார். மாற்றிக்கொண்டேன். இப்போது பகல் வேலைதான்.

போன மாசம் ரயில்வே ஸ்டேஷனில் முனுசாமி அண்ணனைப் பார்த்தேன். இப்போது காக்களூரில் வேறு கம்பெனிக்குப் போகிறாராம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, திடீரென்று, "அந்தப் படத்துல நீ மட்டுந்தானே முழிச்சுக்கினு இருந்த? அவ கதவத் தொறந்தாளா இல்லியா?" என்றார்.

"தொறந்துட்டாண்ணா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்பாடா! அப்ப அந்த ஆளு உள்ள வந்துட்டான்."

ரயில் வந்தது, ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து வேலை முடிந்து போனால், என் வீட்டுப் பூட்டில் சாவியைப் போடுவதற்கு முன்னால், நானே பூட்டிவிட்டுப் போன கதவை மெதுவாகத் தட்டிவிட்டு, பின்னால் தள்ளி நிற்கிறேன்.