பென்டிரைவில் ஓடுகிற கடை

பழைய லப்டொப்பை வைத்து டைப்பிங் கடை நடத்துவது ஓட்டை வள்ளத்தில் வாவியைக் கடப்பது மாதிரி. துடுப்பு வலிக்கிற நேரத்தைவிட தண்ணீர் இறைக்கிற நேரம்தான் கூட. இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் என்னோடு சேர்ந்து இறைக்கிறீர்களோ தெரியாது. நாவற்குடாவில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. புது விண்டோஸைத் தாங்காத லப்டொப், லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டதால் இன்னும் மூச்சு விடுகிறது. கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், விண்ணப்பம் எல்லாம் அதில்தான். மகள் நித்திரையான பிறகு இதையும் அதில்தான் எழுதுகிறேன். அவள் பிறக்கும்போது அவளுடைய அப்பா கட்டாரில். இன்னும் லீவு கிடைக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து அவருக்காக எடுத்த வீடியோக்கள் முழுவதும் இந்தக் கிழட்டு லப்டொப்பில் இருந்தன என்றால், என் பயம் என்னவென்று உங்களுக்கு விளங்கும்.

வாசிக்க முடியாத கல்யாணம்

தேற்றாத்தீவிலிருந்து ஒரு அம்மா, வேறெங்கோ அடித்த மகளின் கல்யாணக் கார்ட்டைப் பென்டிரைவில் கொண்டுவந்தா. திறந்தால், மாப்பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் குவிந்து கிடந்தன. எங்கள் பக்கம் பாதிப்பேர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தமிழ் அடிப்பார்கள். அது இல்லாத கம்பியூட்டரில் எந்த மாப்பிள்ளைக்கும் இதுதான் கதி. லினக்ஸ் புதிதாகப் போட்டபோது அதைப் போட மறந்துவிட்டேன்.

எழுத்துருவைத் தேடிப் போட்டதும் மாப்பிள்ளை தமிழுக்குத் திரும்பினார். அம்மா ஒருமுறை முழுக்க வாசித்தா, பிறகு சொன்னா: "முந்தித் திரையில தெரிஞ்ச மாதிரியே அடிச்சிருக்கலாம் கா. வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் மட்டும் வந்தாச் சோறு காணும்."

சட்டைப் பையில் போன கடை

மகளின் அப்பா வீடியோக்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்டர்நெட்டில் அனுப்ப டேட்டா காணாது. ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, கட்டாருக்குப் போன என் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அவன் பிளேன் ஏறி ஒரு கிழமைக்குள் லப்டொப்பின் ஹாட் டிஸ்க் செத்துப்போனது. இனி மகளின் முதல் வருஷம் கடலுக்கு அப்பால் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான்.

அதற்காகக் கடையை மூட முடியுமா? லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு, அதைக் குத்தி லப்டொப்பை ஓட்டினேன். வாகரையிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் விண்ணப்பம் அடித்து முடிந்ததும், தன்னுடையது என்று நினைத்து என் பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இரண்டும் கறுப்பு. திரை உறைந்து நின்றது. நல்ல காலம், உறைந்து நின்றது அவருடைய விண்ணப்பம். போன் நம்பரும் அதில் இருந்தது. போன் அடித்துச் சொன்னேன். பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவர், பென்டிரைவை இரண்டு கையாலும் நீட்டினார். "உங்கட கடையே என்ட பையிலயா இருந்திச்சு தங்கச்சி? தெரிஞ்சிருந்தா வாகரையில ஒரு கிளை திறந்திருப்பனே."

வேண்டாம் என்று அமத்துங்கள்

டிஸ்க் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை மகளின் அப்பா எனக்குப் போன் எடுத்தார். "புள்ள, கூட இருக்கிற ஆள்ட லப்டொப்பில குத்தினன். பாவிக்கிறதெண்டா முதல்ல ஃபோமட் பண்ணோணுமாம். ஓம் குடுக்கவா?"

டிஸ்க்கை லினக்ஸ் முறைப்படி தயார் செய்தது நான்தான். அந்த முறை விண்டோஸுக்கு விளங்காது. தனக்கு விளங்காத டிஸ்க்கை அது வெறும் டிஸ்க் என்று எண்ணி, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று மரியாதையாகக் கேட்கும். ஓம் என்றால் எல்லாம் போச்சு. சத்தமாகப் பேசாதே என்று கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் பழக்கிய பழக்கம் முழுவதும் அந்த இடத்தில் போனது. "தொடாதீங்க, கையை எடுங்க, வேணாம் எண்டு அமத்துங்க" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

"அழாத புள்ள. நான் ஒண்டும் அமத்தல்ல. எதைச் செய்யிறதெண்டாலும் உன்னட்டக் கேட்டுத்தானே செய்யிறனான்?"

பிறகு வீடியோ கோலில் நான் சொல்லச் சொல்ல, அவர் லினக்ஸை ஒரு பென்டிரைவில் இறக்கி, அதிலிருந்து அந்த லப்டொப்பைத் திறந்தார். நான் இங்கே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, எந்த பட்டனை அமத்தவேண்டும் என்று சொன்னேன். கடைசியில் டிஸ்க் திறந்தது. பிறந்த குழந்தை ஒன்று கட்டாரிலிருந்து வீரிட்டது. என் மடியில் இருந்த மகள், யார் அந்தக் குழந்தை என்று போனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

அவர் மகளின் முதல் குளியல் வரை வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "புள்ள, முதல் முதல் குளிக்க வாக்கக்குள்ள தலையை இன்னும் கொஞ்சம் உசத்திப் பிடிச்சிருக்கலாம்."

அந்த வீடியோக்கள் இப்போது மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து என் பயத்துக்கும் மூன்று பிரதி ஆகிவிட்டது.