குழி ஓரத்தில் ஒரு சோடிச் செருப்பு

வீடு மெல்பேர்னில் வெரிபீயில் இருந்தாலும், இரண்டு வருடங்களாக எனக்கு வேலை பாலைவனத்தில்தான். ஓபல் என்ற இரத்தினக்கல் தோண்டும் சின்ன ஊர் அது. அங்கே ஒரு மோட்டலின் குசினியில் சமையல் வேலை. வெயில் தாங்காது என்பதால் மண்மேட்டைக் குடைந்து அதற்குள் வீடு வைத்திருப்பார்கள். எனக்குத் தந்ததும் அப்படி ஓர் அறைதான். வெளியே நடக்கும்போது கவனம் வேண்டும். கல் தேடித் தோண்டிக் கைவிட்ட குழிகள் எங்கும் வாய் திறந்து கிடக்கும்.

சென்ற குளிர்காலத்தில் மனைவி முதல் முறையாக அங்கே வந்தாள். மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது சொன்னேன்.

“எல்லா இடமும் கிடங்கும் குழியும். வெளியால திரியாதையும்.”

“ஓமோம். நான் என்ன சின்னப்பிள்ளையே?”

மத்தியானம் வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. போன் கதிரையில் இருந்தது. வெளியே ஓடினேன். பக்கத்து மேட்டின் அடியில் அவளுடைய நீலச் செருப்புகள். அவற்றுக்கு இரண்டடி தள்ளி ஒரு பழைய குழி. அதை மூடியிருந்த தகரம் விலகிக் கிடந்தது.

நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன். மோட்டலில் ‘யெஸ்’, ‘தாங்க் யூ’ இரண்டையும் வைத்தே நாளை ஓட்டிவிடுவேன். அன்று குழி ஓரத்தில் குப்புறப் படுத்துத் தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளே ஒரே இருட்டு. பதில் இல்லை. எதிரே வேலை செய்துகொண்டிருந்த சுரங்கக்காரர் இருவர் கயிறும் நூலேணியுமாக ஓடி வந்தார்கள். செருப்பைக் கண்டதும் ஒருவர் கயிற்றை இடுப்பில் கட்டத் தொடங்கினார்.

“ஏனப்பா, அந்தக் கிடங்குக்குள்ள ஆரைக் கூப்பிடுறியள்?”

திரும்பினேன். மேட்டில் இருந்த சுரங்க வாயிலில், தேநீர்க் கோப்பையோடு, வெறுங்காலோடு மனைவி நின்றாள். அந்தப் பழைய சுரங்கத்துக்குள்தான் ஒரு கிரேக்க அம்மா தனியாகக் குடியிருக்கிறார். வழியில் இவளைக் கண்டு தேநீர் குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்.

“செருப்பை ஏன் இதில கழட்டினீர்?”

“இந்த மேடுதானே அவவின்ர வீடு? ஒருத்தற்ற வீட்டுக்குள்ள செருப்போட போறதே? நீங்கள் கத்தின கத்தலில அந்த மனிசி கேக்கைக் கீழ போட்டிட்டா.”

எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஒரு வீட்டுக்குள் போவார்கள் என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். கயிறு கட்டியவர் சிரிக்கவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். பிறகு இருவருமாகத் தகரத்தை இழுத்துக் குழியை மூடி, மேலே கல் வைத்தார்கள்.

கிரேக்க அம்மா எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். கேக்கில் மண் படாத பக்கமாகப் பார்த்து வெட்டித் தந்தார். நான் துண்டைத் தட்டிலேயே வைத்திருந்தேன். மனைவி தன் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“சாப்பிடுங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்.”

அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.