கோவர்த்தனன் திருப்பிய டேபிள்

கோவர்த்தனனுக்கு மஸ்கட்டில் இருந்தபோது என்ன வேலை என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் மஸ்கட்டில் எது எப்படி நடக்கும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக்கூட அத்துப்படி. அவ்வளவு சொல்லியிருக்கிறான். "அங்கெல்லாம் இப்டிக் கெடயாது" என்று அவன் ஆரம்பித்தால் கையில் இருக்கும் டீ ஆறிவிடும்.

சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கிராமம் அவனுக்கு. நைனா அடுத்தவர் கழனியில் கூலி. இவன் சென்னையில் ஏதோ ஒரு மாடியில் நடந்த மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பை முடித்து, தாராளமயம் என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்த காலத்தில் ஒரு ஏஜென்டைப் பிடித்து விமானம் ஏறினான். திரும்பி வந்தபோது திருப்பதியில் புதிதாக முளைத்திருந்த தனியார் இருதய ஆஸ்பத்திரி ஒன்று அவனை வாரி அணைத்துக்கொண்டது. நான் அங்கே ஹார்ட் லங் மிஷின் ஓட்டுகிறவன். இதயத்தை நிறுத்தித் தைக்கும்போது அதன் வேலையைப் பார்க்கிற பம்ப் என்னுடையது. நோயாளி உடம்பில் ரத்தமும் நீரும் கூடுதலா குறைவா என்று காட்டும் மானிட்டர் அவனுடையது. அதில் வரும் எண்களைத் தானே பெற்று வளர்த்ததுபோல நடந்துகொள்வான்.

அவன் மச்சான் நாகபூஷணம் நகரியில் விசைத்தறி வைத்திருந்தார். அவருக்கு இதய வால்வு கெட்டுப்போயிற்று. வேலூருக்குப் போவதாக இருந்த மனிதரை, "நான் கீறப்ப வேலூரு எதுக்கு மச்சான்? ஒரு சொட்டுத் தண்ணி கூடுனாலும் என் மானிட்டரு சொல்லிடும்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நெஞ்சைப் பொளந்துக்கோங்க மாப்ள, வாணாங்கல. காலு மட்டும் பெருமாளு மலையப் பாத்து நீட்டிக்கினு இருக்கக் கூடாது."

எங்கள் ஆபரேஷன் டேபிளில் படுக்கிற எல்லோருடைய காலும் மலைப் பக்கம்தான் இருக்கும். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கோவர்த்தனன் அன்று காலையில் டேபிளையே திருப்பிப் போட்டான். மயக்க டாக்டர் புருஷோத்தமன் முகம் சுளித்தார், ஆனால் பெருமாள் விஷயம் என்பதால் விட்டுவிட்டார்.

திருப்பியதில் மானிட்டர் கம்பி எட்டவில்லை. நோயாளியின் ரத்தக் குழாயிலிருந்து வரும் டியூப் ஒரு சின்னப் பெட்டியில் முடியும். அந்தப் பெட்டி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் எண் பொய்யாகக் கூடும், மேலே போனால் குறையும். வழக்கமாக டேபிளிலேயே மாட்டியிருப்பதால் டேபிளோடு அதுவும் ஏறி இறங்கும். அன்று அதைக் கழற்றி, தரையில் நிற்கிற சலைன் ஸ்டாண்டில் கட்டி, மட்டம் பார்த்து வைத்தான்.

வால்வை நன்றாகவே தைத்தார்கள். சர்ஜன் நல்ல உயரம். குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று என்று டேபிளை ஏற்றச் சொன்னார். கோவர்த்தனன் ஏற்றினான். மச்சான் ஏறினார், பெட்டி ஏறவில்லை.

அடுத்தது, பம்பைக் குறைத்து, என்னிடம் மிச்சமிருந்த ரத்தத்தை உள்ளே விட்டு, இதயத்தைத் தானாக ஓட வைக்க வேண்டிய கட்டம்.

"பதினெட்டு சார். ஃபுல்லு" என்றான் கோவர்த்தனன்.

"போதும், இனிமே விடாத" என்று புருஷோத்தமன் என்னைத் தடுத்தார். உடம்பிலிருந்து நீரை இறக்கும் ஊசியைக் கையில் எடுத்தார்.

சர்ஜன் மட்டும் திறந்த நெஞ்சுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏமய்யா, ஹார்ட்டு காலியா கெடக்குது, காத்துப் போன பலூனாட்டம். இதுல என்னத்த எறக்கப் போறீங்க? லெவல் பாத்தியா கோவர்த்தனா?"

"பாத்தேன் சார்."

"டேபிள் ஏத்தினப்புறம்?"

"பாத்தேன் சார்."

பச்சைப் பொய். அப்போது எனக்கும் அது தெரியாது.

பம்ப் ஓட்டுகிறவனுக்கு உட்கார்ந்தே வேலை. நிற்கிறவர்கள் கண்ணில் படாதது எனக்குத் தெரியும். கோவர்த்தனன் கீழே எதையோ தேடுகிறவன்போலக் குனிந்தான். ஸ்டாண்டில் இருந்த பெட்டி சத்தமில்லாமல் ஒரு சாண் மேலே போனது. பதினெட்டு நான்காயிற்று.

"சார், எறங்கிடுச்சு சார்! நாலு! ஊசி வாணாம் சார், வால்யூம் குடுங்க!" என்று அவனே கத்தினான். தானே கண்டுபிடித்த மாதிரி!

நான் ரத்தத்தை விட்டேன். இதயம் நிரம்பி, அழுத்தமாக அடிக்க ஆரம்பித்தது. புருஷோத்தமன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல நேரத்துல பாத்தப்பா" என்றார்.

வெளியே மச்சானின் மனைவி ஜெயம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காலைத் திருப்பி வெச்சீங்களேண்ணா, அதான் பெருமாளு காப்பாத்திட்டாரு." இவன் அடக்கமாகத் தலையை ஆட்டிவிட்டு மஸ்கட்டை ஆரம்பித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடை மாற்றும் அறைக்கு அவனை இழுத்துப் போனேன்.

"உன் கையைப் பாத்துட்டேன்யா. அந்த ஊசி போயிருந்தா உன் மச்சான் கதை முடிஞ்சிருக்கும். டாக்டர்கிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

பெஞ்சில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை.

"நானே சொல்லிடறேன்" என்றான்.

"சொல்லு. அதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லு. உன் மச்சானா இல்லாம வேற எவனோ ஒருத்தன் கெடந்திருந்தா, அந்தப் பெட்டியை மேல ஏத்தியிருப்பியா?"

யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான்.

"வேற ஆளுக்கு நான் இன்னாத்துக்குய்யா டேபிளைத் திருப்பப் போறேன்?" என்றான். குரலில் மனத்தாங்கல்கூட இருந்தது.