நான் படம் என்று விட்ட சீட்டு

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், மூன்று இரும்பு அலமாரி, அப்புறம் நான். எந்த மெஷினில் எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிய தாள்களெல்லாம் என் பொறுப்பு. அந்தத் தாள்மேல் யாராவது டீ கிளாஸை வைத்துவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்காக மெஷின்கள் ஓடும் லைனில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை.

போன வருஷம் அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு சாஃப்ட்வேர் வந்தது. ஸ்கேன் செய்த பக்கத்தைப் பார்த்து, இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது படம் என்று அதுவே கட்டம் போடும். பிறகு கட்டம் கட்டமாக வெட்டித் துண்டுகளாக வைத்துக்கொள்ளும். லைனில் இருப்பவர் டேப்லெட்டில் கேட்டால் பொருத்தமான துண்டு மட்டும் வந்து நிற்கும். கட்டம் தப்பாக விழுந்தால் மவுஸால் இழுத்துச் சரிசெய்வது என் தலையில் விழுந்தது.

முதல் வாரம் சிரிப்பாகத்தான் போனது. இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் இங்கிலீஷுமாக இருந்த தாளை அது குறுக்கே ஒரே வரியாகப் படித்துவிட்டது. படித்துப் பார்த்தால் எங்கள் சூப்பர்வைசர் பேசுவதைப் போலவே இருந்தது.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்தவர் ஒன்று சொன்னார். "மேடம், படம்னு வர்றதையெல்லாம் விட்டுடுங்க. சீலும் லோகோவும்தான் அதுல வரும். சும்மா குப்பை." மெஷின் படங்களைத் தனியாக ஏற்றியிருந்தோம். சாப்பாட்டு நேரம் வேறு. எல்லாப் பக்கத்துக்கும் சேர்த்து, படம் வேண்டாம் என்று ஒரே டிக் அடித்துவிட்டு கேன்டீனுக்குப் போனேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது அளவு மாறினால் தாளைப் புதிதாக அச்சடிக்க மாட்டோம். அதற்குக் கையெழுத்து வாங்க ஐந்து பேர் பின்னால் அலைய வேண்டும். மஞ்சள் சீட்டில் புது அளவைக் கையால் எழுதி, சீல் குத்தி, அட்டவணைக்குக் கீழே ஒட்டிவிடுவோம். பழைய அளவைக் கோடு போட்டு அடிக்கக்கூடாது, ஆடிட்டில் கேட்பார்கள். முதலில் சீட்டைப் பார், பிறகு அட்டவணையைப் பார் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? கையெழுத்தும் சீலுமாக இருந்ததால் அது படம் என்று கட்டம் போட்டது. என் கையால் பசை தடவி ஒட்டிய சீட்டுகள். எனக்கே தோன்றவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண், கான்ட்ராக்டில் இரண்டாவது வருஷம். அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அவளைப் புது மெஷினுக்கு மாற்றினார்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று டேப்லெட்டில் கேட்டாள். பழைய அளவு வந்தது. மத்தியானம்வரை அப்படியே போட்டுவிட்டாள். பரிசோதனையில் அவள் முடித்த டிரேக்கள் எல்லாம் தேறாமல் திரும்பின.

சூப்பர்வைசர் தாள் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். "இன்னாம்மா, இவ்ளோ பெருசா ஒட்டிக்கினு கீது, கண்ணு தெரியலையா?"

"டேப்ல இதான் சார் வந்துச்சு."

டேப்லெட்டைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தாளில் இருப்பதுதான் முடிவு என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதைக் கத்திக் கத்தி வளர்த்தவளே நான்தான். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வா என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே அவள் கேட்டதை நானும் கேட்டுப் பார்த்தேன். அட்டவணை வந்தது, சீட்டு வரவில்லை. கேன்டீனுக்குப் போகும்முன் நான் அடித்த டிக் ஞாபகத்துக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் அதன் அட்டவணையோடு ஒரே துண்டாகச் சேர்த்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இத்தனை வருஷம் எடுத்த நல்ல பெயர் போய்விடுமே என்று பயம். புதனும் போனது, வியாழனும் போனது. மற்றவர்களைத் திட்டுவதற்கு மட்டும் எனக்கு வாய் இருந்தது, வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை ஒரு கடிதத்தின் நகல் ஃபைலில் வைக்க என் மேசைக்கு வந்தது. கவனக்குறைவுக்காக அவளை வேலையிலிருந்து நீக்குவதாக எழுதி, மேனேஜர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அதை என்னால் ஃபைலில் வைக்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதை எழுதிக் குடுக்கிறீங்களா?"

"குடுக்கிறேன் சார்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவளுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். பட்டியலிலும் பெயர் அப்படியே நின்றது.

சனிக்கிழமை வந்தவள் முதலில் என் மேசைக்குத்தான் வந்தாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீங்க சொல்லலைன்னா அவ்ளோதான்."

வாயை மூடிக்கொண்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் முடியவில்லை. "எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்மா," என்றேன்.

அவள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வூட்ல எல்லாரும் கேட்டுக்கினே இருந்தாங்கக்கா, ஒழுங்கா பாத்தியா பாத்தியானு. மொத ரெண்டு நாளு, பாத்தேன், அதான் வந்துச்சுன்னு சொன்னேன். அப்புறம் நான்தான் சரியா பாக்கலைன்னு ஒத்துக்கினேன். எனக்கே அப்டித்தான்னு தோண ஆரம்பிச்சிடுச்சு."