கேட் ரெஜிஸ்டரில் நான் எழுதிய 'லெட்'

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்த புதிதில், ரெஜிஸ்டரைப் பார்த்தாலே பயமாக இருக்கும். உள்ளே போகிற ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், எப்படிப் போனார் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ரிசப்ஷன் மாலதி மேடம்தான் வழி சொன்னார்.

"சீல் வச்ச பாஸ் இருந்தா பர்மிட்டட். டாக்டரோ மேனேஜரோ போன்ல சொன்னா அலவ்ட். லெட்னா, நீங்களா தடுக்காம விட்டுட்டீங்கன்னு அர்த்தம். அதை மட்டும் எழுதிடாதீங்க, வேலை போயிடும்."

ஒரு மத்தியானம் சாந்தோம் குப்பத்திலிருந்து ஓர் அம்மா மூச்சிரைக்க வந்தார். புருஷனுக்கு இரண்டரைக்கு ஆபரேஷன். பாஸ் மகனிடம், அவன் ரத்தம் வாங்கப் போயிருந்தான். பார்வையாளர் நேரமோ நாலு மணிக்கு.

"நைனா, உள்ள இட்டுக்கினு போறதுக்குள்ள ஒரு தபா மூஞ்சக் காட்டிட்டு வந்துடறேன். அது பயந்துக்கினு கீது."

"பாஸ் இல்லாம விட முடியாதும்மா."

"நீ இன்னாத்துக்கு இப்டி நடுங்குற? ஆபரேசன் உனுக்கா, அதுக்கா?"

மேனேஜர் அறைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வார்டு லைன் எங்கேஜ்டு. மணி இரண்டு பத்து. இந்த வேலையும் போனால் வீட்டில் என்ன சொல்வது என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டைத் திறந்துவிட்டேன்.

பிறகு ரெஜிஸ்டர். அலவ்ட் என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சொல்லாத ஒரு டாக்டர் தலையில் அல்லவா போட வேண்டும்? 'லெட்' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார்.

"யாருய்யா பர்மிஷன் குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார். நான்தான் விட்டேன்."

"அலவ்ட்னு போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"அப்படி யாரும் சொல்லலியே சார்."

பழைய பக்கங்களைப் புரட்டினார். "இதுக்கு முன்னாடி ஒரு லெட்கூட இல்ல. ஆனா பாஸ் இல்லாம எத்தன பேர் உள்ள சுத்துறாங்கன்னு எனக்குத் தெரியும்." ரெஜிஸ்டரை மூடி என்னிடம் நீட்டினார். "ஆபரேஷன் கேஸ்னா வீட்டாள் ஒருத்தர விடு. இதே மாதிரி உன் பேரப் போட்டு எழுது. தினம் பாப்பேன்."

கேட்டில் நிற்கிற தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். பாஸைக் காட்டலாம், மேலதிகாரியைக் காட்டலாம். சில நாள் நாமேதான் விட வேண்டியிருக்கும். அன்றைக்கு அதையே எழுதுங்கள். பயம் இருக்கும், எனக்கு ரிட்டயர் ஆகிற நாள் வரை இருந்தது. ஆனாலும் நிறைய பேரை விட்டிருக்கிறேன்.