பொருந்தவில்லை என்று சொல்லும் உரிமை

என் மாமா எலிக்கு எலி தோல் ஒட்டிப் பேர் வாங்கியவர். கறுப்பு எலியின் தோலை வெள்ளை எலியின் முதுகில் வைத்துத் தைத்தால் சில நாளில் அது கருகி உதிர்ந்துவிடும். ஏன் உதிர்கிறது, உதிராமல் இருக்க என்ன வழி என்று சோறு தண்ணீர் மறந்து அலைந்தார். பிறகு மனிதர்களுக்கு வந்தார். சிறுநீரகம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, உடம்பு ஏற்குமா, சண்டைக்கு வருமா என்று சொல்லும் ஆய்வுக்கூடம் அவருடையது. "ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்குறார், வீட்ல அண்ணிகூட ஒருநாளும் ஒத்துப்போகல" என்று அவருடைய தங்கையான என் அம்மா கிண்டலடிப்பாள்.

ஆனால் அவர் செய்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது ஆராய்ச்சி அல்ல, ஒரு விதி. சொந்தக்காரர்கள் நெருக்கி அழைத்துவந்த ஒருவர் தனியறையில் 'எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்லிவிட்டால், டாக்டர் வெளியே வந்து 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. பயந்தவர் நிம்மதியாக வீடு திரும்பலாம். இதற்காக மாமா ஆஸ்பத்திரியின் விதிக்குழுவில் சேர்ந்து பெரிய பெரிய டாக்டர்களோடு மல்லுக்கு நின்றார்.

கடைசியில் அவருக்கே சிறுநீரகம் கெட்டது. நாள் விட்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுக்க வேண்டியிருந்தது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி, பிள்ளைகள் இல்லை, என் ரத்த வகை வேறு. மிச்சம் அம்மாதான். பரிசோதனைக்குப் போனாள். மாமாவின் பழைய மாணவியான டாக்டர் வந்து, "பொருந்தல சார்" என்றாள்.

மாமா அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தைத் திறந்து, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த அம்மாவின் ரத்தத்தைத் தானே சோதித்தார். அச்சு அசலாகப் பொருந்தியது.

அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பொருந்துற" என்றார். திட்டவில்லை, கெஞ்சவில்லை.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. மடித்த தலையணை உறையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "கத்தின்னா பயம்ணா. எனக்கு ஒண்ணுன்னா இவளுக்கு யார் இருக்கா?" என்று மகளான என்னைக் காட்டினாள். அவர் போகாமல் நின்றார். "சரி, தரேன்" என்றாள்.

அந்த 'சரி'யைக் கேட்டு எனக்கு உடம்பு கூசியது. மாமா தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அறுவை சிகிச்சை அன்று, அறுவை அரங்கின் வாசலில் இருவரையும் பக்கத்துப் பக்கத்துத் தள்ளுகட்டிலில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா கழுத்தைத் திருப்பினாள். "அண்ணா, இப்பகூட வேணாம்னு சொல்லலாமா?"

"இனிமே முடியாதும்மா. எல்லாம் தயார் பண்ணிட்டாங்க" என்றார் மாமா. நானும் நம்பினேன்.

சிறுநீரகம் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வேலை செய்தது. மாமாதான் ஆளே மாறிப்போனார். விதிக்குழுவிலிருந்து விலகினார், வகுப்பெடுப்பதை நிறுத்தினார், எங்கள் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரில் போய், "அம்மா எப்படி இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாக்கக்கூடாதா மாமா?" என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" என்றார். "மயக்க மருந்து ஏறுற வரைக்கும் வேணாம்னு சொல்லலாம். அந்த விதிய எழுதினவனே நான்தான். அவ கேட்டப்போ பொய் சொன்னேன். சாகப் பயமா இருந்துச்சு." தலையைத் தொங்கப்போட்டபடியே இருந்தார். வெட்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவரைத் திட்டப் போன எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும். அந்த டாக்டர் பொண்ணு ஆபரேஷன் அன்னிக்குக் காலைலயே தனியா வந்து சொல்லிட்டா. ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே நிறுத்திடறேன்னு."

"தெரிஞ்சே எதுக்கும்மா அவர்கிட்ட கேட்ட?"

"அண்ணன் 'வேணாம், வீட்டுக்குப் போ'ன்னு சொல்வார்னு நெனச்சேன்" என்றாள். "அப்படிச் சொல்லியிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேன். இதைப் போய் அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத."