கூப்பிட்டும் வராத மகள்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஷூவின் மேல்தோலை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

அன்று விடுமுறை நாள். மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கும் மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். அடுத்த நொடி பரணிலிருந்த எவர்சில்வர் குடங்கள் கடகடவென்று உருண்டு விழுந்தன. தரை உறுமியது. நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பாப்பா! வெளிய ஓடி வாடி!"

"வரமாட்டேம்மா! மேஜைக்கு அடியில இருக்கேன்."

"சொன்னா கேளுடி! வீடு வுழப்போவுது!"

"பூமி ஆடும்போது ஓடக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. நீயும் தலையைப் பொத்திக்கோ!"

அப்போது உள்ளே டமாரென்று ஒரு சத்தம். அதன்பின் அவள் குரலே இல்லை.

ஆட்டம் நின்றுவிட்டது. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. தோளால் இடித்தேன்.

நாங்கள் பாபி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "இன்னா இங்கயே நிக்கிறே? எல்லாரும் தெருவுல இருக்காங்க!" நான் கதவைக் காட்டினேன். அவருடைய கணவர் பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கத்தினார்.

"கொழந்த நல்லா இருக்கு! பீரோ சாஞ்சு கதவை அடைச்சிருக்கு. அங்கயே இரு கண்ணு, வெளிய வராதே!"

அப்புறம்தான் அவள் அழுகிற சத்தமே கேட்டது. நாலு பேர் சேர்ந்து மெதுவாகத் தள்ளி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கதவைத் திறந்தார்கள்.

வீடு கழுவும் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்க, பீரோவின் நாலு காலுக்கும் ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட அடிப்பாகத் துண்டுகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தோம். எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். ஆட்டத்தில் துண்டுகள் நழுவி, பீரோ கதவின் மேல் சாய்ந்திருந்தது. நான் கூப்பிட்ட பேச்சுக்கு அவள் ஓடி வந்திருந்தால், நேராக அதன் அடியில்தான் வந்து நின்றிருப்பாள்.

"நல்லவேளை, உன் பொண்ணு உன் பேச்சைக் கேக்கல!" என்றார் பாபி. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளே துண்டுகளை எடுத்துப் போட்டு, பீரோவைக் கதவோரத்திலிருந்து நகர்த்தி, இரும்புப் பட்டையால் சுவரோடு முடுக்கினோம். குடங்கள் பரணை விட்டு இறங்கின. தலைமாட்டில் டார்ச்சும் செருப்பும். ஆட்டம் நின்றதும் கேஸை மூடிவிட்டு எல்லோரும் எங்கே போய் நிற்பது என்றும் பேசி வைத்தோம். "பீரோவைக் கட்டியாச்சு, உன் பயத்தை எதுல கட்டறது?" என்று கேலி செய்தார் என் கணவர்.

பயம் போகவில்லை. கனமான வண்டி போய் ஜன்னல் அதிர்ந்தால் இன்றும் மகளைக் கூப்பிட வாய் திறக்கிறது. ஆனால் அவள் நிற்கிற இடத்துக்கும் எனக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் குரல் வெளியே வருகிறது.